எரிஞ்சு இடிஞ்ச கோணல் பப்பை ஏன் கோணலாவே திரும்பக் கட்டச் சொல்றாங்க?

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை ராத்திரி. இங்கிலாந்துல ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்துல ஹிம்லின்னு ஒரு ஊர், அது பக்கத்துல இருந்த க்ரூக்கட் ஹவுஸ்ங்கற பழைய பப் தீப்பிடிச்சு எரிஞ்சுது. திங்கட்கிழமை 7-ஆம் தேதி பொக்லைன் வந்து மிச்சம் நின்ன சுவரையும் தரைமட்டமாக்கிடுச்சு. அதுக்கு முந்தின மாசம்தான் அந்த பப் வேற ஆளுக்கு வித்துப்போயிருந்தது. 2024 பிப்ரவரி 27-ல அந்தப் பகுதி உள்ளாட்சியான சவுத் ஸ்டாஃபர்ட்ஷயர் கவுன்சில் ஓனர்களுக்கு நோட்டீஸ் குடுத்துது: மூணு வருஷத்துக்குள்ள தீ பிடிக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துதோ அப்படியே கட்டித் தரணும்.

இந்த நியூஸைப் படிச்ச நிறைய பேருக்கு வர்ற கேள்வி ஒண்ணுதான். அவங்க காசு போட்டு வாங்குன இடம், அதுவும் எரிஞ்சு போச்சு, இனிமே அதுல என்ன கட்டணும்னு கவுன்சில் எப்படிச் சொல்ல முடியும்? அதுவும் கோணலா நின்ன ஒரு கட்டடத்தை? இதுக்குப் பதில் சொல்லணும்னா பப்புன்னா என்னங்கறதுல ஆரம்பிச்சு, அது யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சு, சட்டம் எதைக் காப்பாத்துது எதைக் காப்பாத்தல, பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கறதுன்னா என்ன வேலைங்கற வரைக்கும் போகணும்.

பப்புங்கறது முதல்ல ஒரு வீடு

பப்ளிக் ஹவுஸ்ங்கறதோட சுருக்கம்தான் பப். பேர்லயே வீடு இருக்கு, அது சும்மா இல்ல. நடுக்காலத்துல கிராமத்துல ஏதாவது ஒரு வீட்டுப் பொம்பள ஏல்ங்கற ஒரு வகை பீர் காய்ச்சுவாங்க, வீட்டுத் தேவைக்கு மேல மிஞ்சுனா வாசல்ல ஒரு கம்பு நீட்டி வெப்பாங்க, அதைப் பாத்து ஆளுங்க வந்து அவங்க வீட்டு அடுப்பங்கரையிலயே உக்காந்து குடிச்சுட்டுப் போவாங்க. அப்போ பார் கவுண்டர்ங்கற சமாச்சாரமே கிடையாது, செல்லர்ல இருந்து, அதாவது நிலவறையில இருந்து, கூஜாவுல கொண்டுவந்து ஊத்துவாங்க. இன்னைக்கு நாம பப்புன்னதும் கண்ணுக்கு வர்ற அந்த நீள மர கவுண்டர் 19-ஆம் நூற்றாண்டுலதான் பரவலாச்சு.

1552-ல ஒரு சட்டம் வந்துது, ஏல் விக்கணும்னா உள்ளூர் நீதிபதிங்க கிட்ட லைசென்ஸ் வாங்கணும்னு. அதுக்கப்புறம் ரொம்ப காலம் அவங்க வெச்சதுதான் சட்டம். 1830-ல அரசாங்கம் கதவைத் திறந்து விட்டுச்சு. ஜின் குடிக்கறதை விட பீர் குடிக்கறது தேவலன்னு நெனச்சு, வரி கட்டுற எந்த வீட்டுக்காரரும் வருஷத்துக்கு ரெண்டு கினி (அந்தக் காலத்துப் பணம்) கட்டிட்டா நீதிபதியைப் பாக்காமலேயே பீர் காய்ச்சி விக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசத்துக்குள்ள இருபதாயிரத்துக்கும் மேல லைசென்ஸ் போச்சு. தச்சர், கொல்லர், விவசாயின்னு எல்லாரும் முன் ரூம்ல பெஞ்சு போட்டுட்டாங்க. இங்கிலாந்து கிராமத்து பப்புல பாதிக்கு மேல பாக்கறப்ப வீடு மாதிரியே தெரியறதுக்குக் காரணம், அது நிஜமாவே வீடா இருந்ததுதான்.

க்ரூக்கட் ஹவுஸும் அப்படித்தான். 1765-ல பண்ணை வீடாக் கட்டுனது, 1830 வாக்குல பப் ஆச்சு.

வீடு எப்படிக் கோணலாச்சு

அந்த வட்டாரத்துக்கு பிளாக் கன்ட்ரின்னு பேர். பேருக்கு ஏத்த மாதிரி பூமிக்கடியில 30 அடி கனத்துக்கு நிலக்கரி அடுக்கு, உள்ளூர்ல பத்து கெஜ அடுக்குன்னு சொல்லுவாங்க. 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இந்த வீட்டுக்கு அடியிலயும் தோண்டி எடுத்தாங்க. கீழ வெத்திடமாச்சு, மேல மண்ணு உக்காந்துது, வீட்டோட ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை விட சுமார் 4 அடி இறங்கிடுச்சு. ஆனா விழல. சுமார் 15 டிகிரி சாஞ்சு அப்படியே நின்னுடுச்சு.

அந்த ஊர் பேச்சுல சாஞ்சதுக்கு சைடன்னு சொல்லுவாங்க, அதனால சைடன் ஹவுஸ்னு பேர். அப்புறம் நிலத்துக்குச் சொந்தக்காரரான சர் ஸ்டீஃபன் கிளின் குடும்பப் பேர்ல கிளின் ஆர்ம்ஸ்னு போர்டு மாட்டுனாங்க. போர்டுல என்ன எழுதினாலும் ஊர் வாயில கோணல் வீடுதான், கடைசியில போர்டு ஊர் வாய்க்கு இறங்கி வந்துது.

உள்ள போனா கதவு, ஜன்னல், சுவர் எல்லாம் சாஞ்சிருக்கும், ஆனா தலை அதைத்தான் நேர்னு எடுத்துக்கும். அங்க நேரா தொங்குன பெண்டுலக் கடிகாரம் பாக்கறவங்களுக்குச் சாஞ்சு நிக்கற மாதிரி தெரியும். மேஜை மேல ஒரு கோலிகுண்டை வெச்சா அது மேட்டைப் பாத்து ஏறிப் போகும். உண்மையில அது இறங்கத்தான் செய்யுது, கண்ணுக்குத்தான் எது மேடு எது பள்ளம்னு குழம்பிப் போயிருக்கும். இதைக் காட்டியே பல தலைமுறை அங்க பீர் வித்துருக்கு.

1940-கள்ல இந்தக் கட்டடம் ஆபத்துன்னு சொல்லி இடிக்க நாள் குறிச்சாங்க. அப்போ வுல்வர்ஹாம்ப்டன் அண்ட் டட்லிங்கற பிரூவரி, அதாவது பீர் காய்ச்சற கம்பெனி, அதை வாங்கி, சாஞ்ச பக்கத்துல முட்டுச்சுவர் எழுப்பி, இரும்பு குடுத்துப் பிடிச்சு நிறுத்துனாங்க. நிமித்தல. விழாம மட்டும் பாத்துக்கிட்டாங்க. என்னைக் கேட்டா இந்தக் கட்டடத்துக்கு நடந்ததுலயே புத்திசாலித்தனமான ரிப்பேர் அதுதான், ஏன்னா நிமித்தியிருந்தா அது இன்னொரு செங்கல் வீடு, யாரும் தேடி வந்திருக்க மாட்டாங்க.

பிரூவரி கையில இருந்து ரியல் எஸ்டேட் கைக்கு

1830-ல திறந்த கதவை 1869-ல மூடிட்டாங்க, மறுபடி நீதிபதிங்க கிட்ட அதிகாரம் போச்சு. புது லைசென்ஸ் கிடைக்கறது கஷ்டம்னு ஆனதும், ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கற கட்டடத்துக்கு விலை ஏறுச்சு. பிரூவரிங்க ஒண்ணு ஒண்ணா வாங்கிப் போட்டாங்க. அப்படி வாங்குன பப்புல உக்கார வெச்ச குத்தகைக்காரர் அந்த பிரூவரியோட பீரைத்தான் விக்கணும். இதுக்குப் பேர் டைட் ஹவுஸ், அதாவது கட்டிப்போட்ட கடை. போட்டிங்கற பார்வையில இது தப்புதான், ஆனா ஒரு நல்லது இருந்துது: பப் மூடுனா பிரூவரிக்கு பீர் விக்கற வாசல் ஒண்ணு போயிடும், அதனால நஷ்டம் வந்தாலும் கூரை ஒழுகாம பாத்துப்பாங்க.

1989-ல அரசாங்கம் இதை உடைச்சுது. 2,000 பப்புக்கு மேல வெச்சிருக்கற பெரிய பிரூவரிங்க, 2,000-க்கு மேல உள்ளதுல பாதியைக் கட்டு அவுத்து விடணும்னு உத்தரவு. நோக்கம் நல்லதுதான். ஆனா நடந்தது வேற: பிரூவரிங்க கொத்துக் கொத்தா வித்தாங்க, அதை வாங்குனது பீர் காய்ச்சாத கம்பெனிங்க. கடனை வாங்கி பப்புங்களை வாங்கி, வாடகையிலயும் பீர் விலையிலயும் அந்தக் கடனை அடைக்கற கணக்கு. அவங்களுக்கு ஒரு பப்புங்கறது முதல்ல ஒரு சொத்து. ஓடலன்னா வித்துடலாம்.

அப்புறம் 2007 ஜூலையில பப்புக்குள்ள சிகரெட் பிடிக்கத் தடை, சூப்பர் மார்க்கெட்ல பப்பை விடப் பாதி விலைக்கும் கம்மியா பீர், வண்டி ஓட்டுறவங்க குடிக்காம இருக்கறது, கொரோனா, கரண்ட் பில்னு அடி மேல அடி. 2000-ல பிரிட்டன்ல 60,000-த்துக்கு மேல பப் இருந்துது, இப்போ 45,000 வாக்குல நிக்குது. கிராமத்துல இன்னும் மோசம், ஏன்னா அங்க நடந்து வர்ற கூட்டம் கம்மி, சுத்தி பெரிய தோட்டமும் கார் பார்க்கிங்கும் மட்டும் தாராளமா இருக்கும். வீடு கட்டி விக்கறவங்க கண்ணுக்கு அது பப்பா தெரியாது, நாலு பிளாட்டாத்தான் தெரியும்.

க்ரூக்கட் ஹவுஸை வெச்சிருந்த பிரூவரிதான் பின்னாடி மார்ஸ்டன்ஸ்னு பேர் மாத்திக்கிட்டது. 2023 ஜனவரியில 6,75,000 பவுண்டு எதிர்பார்ப்பு விலை போட்டு விளம்பரம் குடுத்தாங்க, ஜூலையில வித்தாங்க.

சட்டம் எதைக் காப்பாத்துது

இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. பழைய பப்புக்குப் பாதுகாப்புன்னு ஒரே சட்டம் இல்ல, தனித்தனியா நாலு இருக்கு, ஒவ்வொண்ணும் வேற வேற விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

1. லிஸ்டட் பில்டிங். இது கட்டடத்துக்கான பாதுகாப்பு, தேசிய அளவுல பட்டியல் போடறது. கிரேடு ஒண்ணு, கிரேடு ரெண்டு ஸ்டார், கிரேடு ரெண்டுன்னு மூணு வகை, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல கடைசி வகைதான். இதுல வந்துட்டா அனுமதி இல்லாம இடிக்கறது, ஏன் உள்ள ஒரு பழைய கணப்பைப் பேத்து எடுக்கறது கூட நேரடியா கிரிமினல் குத்தம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனா கவனிங்க, கட்டடம் நிக்கணும்னுதான் இது சொல்லுது, உள்ள பீர் விக்கணும்னு சொல்லல.

2. அசெட் ஆஃப் கம்யூனிட்டி வேல்யூ, ஊருக்கு முக்கியமான சொத்துன்னு கவுன்சில்ல பதிவு பண்றது. 2011 லோக்கலிஸம் சட்டத்துல வந்துது. ஓனர் விக்க நெனச்சா முதல்ல கவுன்சிலுக்குச் சொல்லணும், ஊர்க்காரங்க ஆறு வாரத்துக்குள்ள கை தூக்குனா மொத்தம் ஆறு மாசம் வெளியாளுக்கு விக்க முடியாது, அதுக்குள்ள ஊர் காசு சேக்கலாம். ஆனா ஊருக்குத்தான் விக்கணும்னு கட்டாயம் இல்ல. அவகாசம்தான் கிடைக்கும், அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்காது.

3. பிளானிங் பெர்மிஷன். முன்னாடியெல்லாம் பப்பைக் கடையாவோ ஆபீஸாவோ மாத்த, இடிக்கக் கூட, பல நேரம் அனுமதியே தேவைப்படல. 2017 மே மாசத்துல இருந்து இங்கிலாந்துல எந்த பப்பா இருந்தாலும், பழசோ புதுசோ, இடிக்கறதுக்கும் வேற பயன்பாட்டுக்கு மாத்தறதுக்கும் முழு பிளானிங் அனுமதி வேணும்.

4. உள்ளூர் பதிவேடு. வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடம்னு மாவட்ட அளவுல குறிச்சு வெக்கறது. அனுமதி கேட்டு வந்தா பரிசீலிக்கறப்ப இதையும் பாப்பாங்க, அவ்வளவுதான், இதுக்குன்னு தனியா பல் கிடையாது.

க்ரூக்கட் ஹவுஸ் உள்ளூர் பதிவேட்டுல இருந்துது, தேசிய லிஸ்ட்ல இல்ல. லிஸ்ட் பண்ணச் சொல்லி ஒரு மனு தீ பிடிக்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் போயிருந்தது. அதனால இடிச்சதுக்கு முதல் சட்டத்துல கேஸ் போட முடியாது. மூணாவதுதான் கவுன்சில் கையில இருந்த ஆயுதம்.

நோட்டீஸோட அர்த்தம்

பிளானிங் அனுமதி இல்லாம ஒரு வேலையைச் செஞ்சா, அது உடனே குத்தம் ஆகாது. விதிமீறல்னு பேர். கவுன்சில் என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் குடுக்கும்: செஞ்சதைத் திருப்பிச் சரி பண்ணு. அந்த நோட்டீஸை மதிக்காம விட்டாத்தான் குத்தம். நோட்டீஸை எதிர்த்து அப்பீல் போனா முடிவு வர்ற வரைக்கும் நோட்டீஸ் நிறுத்தி வெக்கப்படும், மூணு வருஷக் கெடு ஓட ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. க்ரூக்கட் ஹவுஸ் ஓனர்களும் அப்பீல் போனாங்க.

தீ வேற, இடிப்பு வேறங்கறதையும் இங்க பிரிச்சுப் பாக்கணும். தீ யார் வெச்சாங்கங்கறது போலீஸ் சமாச்சாரம். கவுன்சில் கேக்கறது எரிஞ்சதுக்கு அப்புறம் நின்னுக்கிட்டிருந்த சுவரை ஏன் தள்ளுனீங்கன்னுதான். பாதுகாப்புக்காக மாடியோட முன்பக்கத்துல சில பகுதியை மட்டும் எடுக்கலாம்னுதான் பேசியிருந்தோம், முழுசா இடிக்கச் சொல்லலன்னு கவுன்சில் சொல்லுது.

இப்படித் திரும்பக் கட்ட வெக்க முடியுமான்னா, முடிஞ்சிருக்கு. லண்டன்ல கில்பர்ன் பக்கம் கார்ல்டன் டாவர்ன், 1920-21-ல கட்டுனது, 2015 ஏப்ரல்ல அனுமதி இல்லாம இடிச்சாங்க. லிஸ்ட் பண்ணலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்த நேரத்துல ஹிஸ்டாரிக் இங்கிலாந்துங்கற அமைப்பு கட்டடத்தை விலாவாரியா பதிவு பண்ணி வெச்சிருந்தது. அதை வெச்சு வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் செங்கலுக்குச் செங்கல் கட்டுன்னு சொல்லுச்சு, ஓனர் பக்கம் அப்பீல்ல தோத்துது, 2021 ஏப்ரல்ல பப் மறுபடி திறந்துது. ஆறு வருஷம்.

புதுப்பிக்கறோம்னு சொல்லிக் கொல்றது

தீ வெச்சா நியூஸ் ஆகும். ஆனா பழைய பப் கட்டடங்களை அதிகமா கெடுத்தது தீ இல்ல, சிமெண்ட். இதைக் கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

1765 வாக்குல கட்டுன சுவர் ஒரே கனமான சுவர், நடுவுல காத்து இடைவெளி கிடையாது, அடியில ஈரம் ஏறாம தடுக்கற அடுக்கும் கிடையாது. மழை பெஞ்சா சுவர் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும், வெயில் காத்துல வெளிய விட்டுடும். இது நடக்கறது சுண்ணாம்புக் காரையாலதான், ஏன்னா சுண்ணாம்புக்கு உள்ள ஈரம் போய்வர வழி இருக்கு. 1960, 70-கள்ல ரினோவேஷன் பண்ண வந்தவங்க உதிர்ற சுண்ணாம்பைப் பாத்து, சிமெண்டைக் குழைச்சுப் பூசிட்டாங்க. பாக்க கெட்டியா இருக்கும். ஆனா சிமெண்டுல முடி மாதிரி ஒரு விரிசல் விட்டா அது வழியா தண்ணி உள்ள போகும், வெளிய வர வழி இருக்காது. குளிர் காலத்துல உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு விரியும், செங்கலோட முகமே தோல் உரிஞ்ச மாதிரி கழண்டு வரும். சுவருக்குள்ள இருக்கற ஓக் உத்திரத்தோட முனை சத்தமில்லாம உளுத்துப்போகும். உள்பக்கம் உப்பு பூக்கும். அதைப் பாத்துட்டு ஒரு ஆள் வந்து இது அடியில இருந்து ஏர்ற ஈரம்னு சொல்லி சுவர்ல ஓட்டை போட்டு கெமிக்கல் அடிச்சு பில் போட்டுட்டுப் போவார், ஈரம் போகாது.

சரியான வைத்தியம் மெதுவானது. சிமெண்டைக் கையால உளியால எடுக்கணும், மெஷின் வெச்சா செங்கலும் சேந்து வரும். அப்புறம் சுவரைக் காய விடணும், ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாசம்னு ஒரு உத்தேசக் கணக்கு சொல்லுவாங்க. அப்புறம் ஆட்டு முடி கலந்த சுண்ணாம்புச் சாந்து, அடுக்கு அடுக்கா. 5 டிகிரிக்குக் கீழ போனா சுண்ணாம்பு வேலை பண்ணக் கூடாது, அப்போ இங்கிலாந்துல வருஷத்துல பாதி நாள் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். பேங்க் லோன் வாங்கி பப் வாங்குனவருக்கு இந்தக் காத்திருப்புதான் நெஞ்சைப் பிசையும்.

தரையும் இதே கதை. மண்ணு மேல நேரா பதிச்ச சிவப்பு ஓட்டுத் தரையைப் பேத்துட்டு, பிளாஸ்டிக் ஷீட் போட்டு காங்கிரீட் ஊத்துனா, அதுவரைக்கும் தரை முழுக்கப் பரவி வெளிய வந்த ஈரம் எல்லாம் ஓரத்துக்குப் போய் சுவர்ல ஏறும்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியற சமாச்சாரங்கள். பழைய பப்புன்னா கருப்பு உத்திரம்னு ஒரு நெனப்பு இருக்கே, அது பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஃபேஷன், முன்னாடி ஓக் மரத்தை அப்படியே விடுவாங்க இல்லன்னா சுண்ணாம்பு அடிப்பாங்க. டாப் ரூம், ஸ்னக், லவுஞ்ச்னு சின்னச் சின்ன ரூமா இருந்ததை, எல்லாரையும் ஒரே கவுண்டர்ல இருந்து கண்காணிக்கலாம்னு 60, 70-கள்ல சுவரை உடைச்சு ஒரே ஹால் ஆக்கிட்டாங்க. உள் அமைப்பு பழசாவே மிச்சமிருக்கற பப்புங்க ரொம்பக் கம்மி, அதை காம்ரான்னு 1971-ல ஆரம்பிச்ச பீர் குடிக்கறவங்க சங்கம் தனியா லிஸ்ட் போட்டு வெச்சிருக்கு. குடிகாரங்க சங்கம்தான் கட்டட வரலாற்றையும் காப்பாத்துதுங்கறது வேடிக்கைதான், ஆனா வேலையை உருப்படியா செய்யறாங்க.

வேலை நடக்கறப்ப வர்ற செலவும் தடங்கலும்:

1. வௌவால். கூரைக்குள்ள வௌவால் குடியிருந்தா தொடக் கூடாது, 1981-லயே வனவிலங்குச் சட்டம் வந்தாச்சு. சர்வே எடுக்கணும், அதையும் பருவம் பாத்துத்தான் எடுக்க முடியும்.

2. வரி. லிஸ்டட் கட்டடமா இருக்கற வீட்டுல அனுமதி வாங்கிப் பண்ற மாற்றங்களுக்கு முன்னாடி வாட் வரி கிடையாது, 2012 அக்டோபர்ல அதை எடுத்துட்டாங்க, இப்போ 20 சதவீதம். பப்பை ரிப்பேர் பண்ணுனாலும் அதே 20. புது வீடு கட்டுனா பூஜ்யம். வரியே இடிச்சுட்டுக் கட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு.

3. கிச்சன். கிராமத்துல பீரை மட்டும் வித்துப் பிழைக்க முடியாது, சாப்பாடு வேணும், சாப்பாடுன்னா பெரிய புகைபோக்கிக் குழாய் வேணும், அதைப் பழைய கூரையில எங்க விடறதுங்கறதுலதான் கவுன்சிலுக்கும் ஓனருக்கும் பாதி சண்டை.

4. செல்லர். காஸ்க் ஏல்ங்கறது பீப்பாய்க்குள்ளயே இன்னும் புளிச்சுக்கிட்டிருக்கற பீர். 11-ல இருந்து 13 டிகிரிக்குள்ள வெக்கணும், திறந்தா மூணு நாள் வாக்குல வித்துடணும். தரைக்கடியில இருக்கற செல்லரோட குளிர்ச்சியைக் கெடுத்துட்டா அந்த பீரை விக்கவே முடியாது.

சில நேரம் நல்லதும் கிடைக்கும். பழைய புகைபோக்கியைப் பிரிக்கறப்ப உள்ள ஒத்தைச் செருப்பு கிடைக்கறது ரொம்ப சகஜம், தேஞ்ச பழைய செருப்பு, சிலது குழந்தையோடது. கெட்டது எதுவும் வீட்டுக்குள்ள வராம இருக்க வெச்சதா இருக்கலாம்னு சொல்றாங்க. இப்படிக் கிடைக்கற செருப்புகளுக்குன்னே நார்தாம்ப்டன் மியூசியத்துல ஒரு பதிவேடு இருக்கு.

ஊரே ஓனர் ஆனா

கட்டடத்தைக் காப்பாத்தியாச்சு, உள்ள யாரும் வரலன்னா? யார்க்‌ஷயர்ல ரிச்மண்ட் பக்கத்துல ஹட்ஸ்வெல்னு சின்ன கிராமம், அங்க இருந்த ஒரே பப் ஜார்ஜ் அண்ட் டிராகன் 2008-ல மூடிட்டாங்க. ஊர்க்காரங்க ஒரு சங்கம் வெச்சு பங்கு வித்து 2010-ல வாங்குனாங்க, ரிப்பேர் பண்ணி அந்த வருஷமே திறந்தாங்க. பப்போட நிக்கல, உள்ள ஒரு சின்னக் கடை, ஒரு லைப்ரரி, பின்னாடி நிலத்துல ஊர்க்காரங்களுக்குக் காய்கறிப் பாத்தி. நடத்தறதுக்கு ஒரு குத்தகைக்காரர். 2016-க்கான நாட்டோட சிறந்த பப்புன்னு காம்ரா அதைத்தான் தேர்ந்தெடுத்துது. இதுக்கும் முன்னாடியே கம்ப்ரியாவுல ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊர்ல ஓல்ட் கிரவுன் பப்பை 2003-ல ஊர்க்காரங்க கூட்டுறவா வாங்கியிருந்தாங்க.

இங்க கணக்கு மாறுது. கம்பெனி ஓனருக்கு மண்ணோட விலை பப்போட வருமானத்தைத் தாண்டுன நாள்ல விக்கறதுதான் புத்திசாலித்தனம். பங்கு வாங்குன ஊர்க்காரருக்கு அப்படி ஒரு நாள் வராது, அவருக்கு லாபமே சாயங்காலம் போய் உக்கார ஒரு இடம் இருக்கறதுதான். ஆனா எல்லா ஊருக்கும் இது முடியாது. பணம் போடவும் பதினஞ்சு வருஷம் கமிட்டியில உக்காந்து சண்டை போடவும் ஆள் இருக்கற ஊருக்குத்தான் முடியும்.

அப்போ கோணலாக் கட்டறது எப்படி

க்ரூக்கட் ஹவுஸ்ல இடிபாட்டுச் செங்கல் நிறைய எடுத்து வெச்சிருக்காங்க, அதனால பொருள் பெரிய பிரச்சனை இல்ல. அடியில இருக்கறது பழைய சுரங்கம், அதனால அஸ்திவாரம் இந்தக் காலத்து விதிப்படி போட்டாகணும், அதாவது இந்தத் தடவை மண்ணு உக்காரக் கூடாது. பழைய வீடு நேராக் கட்டி, தானாச் சாஞ்சுது. இப்போ கட்டப்போற மேஸ்திரி அசையாத அஸ்திவாரத்து மேல, கையில ரசமட்டத்தை வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரிசையையும் கணக்குப் போட்டுக் கோணலா அடுக்கணும். எல்லாம் முடிஞ்சு ஜன்னல் பலகையைப் பதிக்கறப்ப, கோலிகுண்டு மேட்டைப் பாத்து ஏர்ற மாதிரி தெரியணும்னா எத்தனை டிகிரிங்கறதைப் பழைய ஃபோட்டோவைப் பாத்துத்தான் அளக்கணும்.